யாகேல் என்று எனக்குப் பெயர்

எனக்கு யாகேல் என்று பெயர். நான் எழுதப்போவதில் வருகிற ஒரே பெயர் இதுதான். மற்றவர்களில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள், மீதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. அவர்கள் பெயரையெல்லாம் எழுதி வம்பை விலைக்கு வாங்க எனக்கு விருப்பமில்லை.

மலேசியாவில், செனாவாங் தொழிற்சாலையில் என்னோடு ஷிப்டு பார்க்கிறவர்கள் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "என்னா பேருலா இது, கேள்விப்பட்டதே இல்ல" என்பார்கள். எபிரேயப் பெயர் என்பேன். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று கேட்பார்கள். ஆடு என்பேன். சிரிப்பார்கள். அது பொய்யில்லை. எபிரேயத்தில் அந்தச் சொல்லுக்குப் பாறை மேல் ஏறித் திரிகிற மலையாடு என்று பொருள். நம் ஆட்கள் வரையாடு என்பார்களே, அந்தச் சாதி. வேதத்தில், அதாவது பைபிளில், அந்தப் பெயரை உடையவள் என்ன செய்தாள் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் சாப்பாட்டு நேரத்தில் யாரும் என் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

சுவா என்கிற சின்ன ஊருக்கு உள்ளே, எண்ணெய்க்காக வளர்க்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தேன். அப்பா குலை வெட்டுகிறவர். நீளக் கம்பின் நுனியில் கட்டிய அரிவாளால் அண்ணாந்து நின்று மட்டையை இழுத்து அறுத்து, பிறகு குலையை அறுப்பார். இருபது கிலோ குலை தலைக்கு நேரே விழும்போது ஓரடி மட்டும் தள்ளி நிற்பார். அந்த வேலைக்குத் தோளில் இருக்க வேண்டிய பலம் அவருக்கு இருந்தது. அம்மா பின்னால் குனிந்து உதிரிப் பழம் பொறுக்குவாள். சம்பளம் வாங்கிய நாளும் அம்மாவுக்கு அடிதான், மழையால் வேலை இல்லாத நாளும் அடிதான். சம்சு என்கிற மலிவுச் சாராயத்தைக் குடித்தால் அடிப்பார், குடிக்கக் கிடைக்காவிட்டால் இன்னும் மோசமாக அடிப்பார்.

நான் வயிற்றில் இருந்தபோது அம்மா கிறிஸ்தவச் சபைக்குப் போக ஆரம்பித்தாள். ஜெபம் பண்ணினால் குடி நிற்கும் என்று, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். முனியாண்டிக்குச் சுருட்டு வைத்துக்கொண்டிருந்த அப்பாவும் பின்னாலேயே போய் ஞானஸ்நானத் தொட்டியில் முழுகி எழுந்தார். குடி மூன்று மாதம் நின்றது. அந்த மூன்று மாதத்துக்குள் புது வருடம் வந்தது. புது வருடக் காலை ஆராதனையில் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அதில் எழுதியிருக்கிற வசனம் அந்த வருடத்துக்குக் கர்த்தர் தனக்கென்று சொன்னது என்று நம்புவார்கள். அம்மா எடுத்த அட்டையில், பெண்களுக்குள் யாகேல் ஆசீர்வதிக்கப்பட்டவள் என்ற பொருளில் ஒரு வசனம் இருந்தது. எட்டு மாத வயிற்றோடு நின்றவளுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

பாஸ்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் ஓடுகிறவர். ஒரு காலைக் கீழே ஊன்றியபடியே அட்டையை வாங்கிப் பார்த்திருக்கிறார்.

"வேதத்துல உள்ள பேருதான் சிஸ்டர். ஆசீர்வாதம்னே போட்டிருக்கு. தாராளமா வைங்க."

அந்த வசனத்துக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று அவரும் பார்க்கவில்லை, இவர்களும் பார்க்கவில்லை. சபையில் எல்லோருமே அப்போது வேதத்தை அட்டை அட்டையாகத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது நான் படித்தேன். அன்று காலையில்தான் அப்பா அம்மாவைப் பனைமட்டையால் அடித்திருந்தார். செம்பனை மட்டையின் ஓரம் முழுக்க முள். அம்மாவின் முதுகில் முள் ஒடிந்து நின்ற இடங்களை நான் ஊசியால் கிளறி எடுத்தேன். குப்புறப் படுத்தபடி அம்மா, "எதாச்சும் படி, வலி தெரியாம இருக்கட்டும்" என்றாள். ஊசியை வைத்துவிட்டு அவளுடைய வேதத்தை எடுத்து, என் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்தேன். சத்தமாகப் படிக்க ஆரம்பித்தவள், பாதியில் சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன்.

ஒரு சேனாபதி. இருபது வருடம் ஒரு ஜனத்தைக் கசக்கிப் பிழிந்தவன். போரில் தோற்று, தேரை விட்டுக் குதித்து, கால்நடையாக ஓடி வருகிறான். யாகேல் என்கிறவள் கூடாரத்தில் இருக்கிறாள். அவள் கணவனுக்கும் அந்தச் சேனாபதியின் ராஜாவுக்கும் சமாதானம் உண்டு. ஆகவே பயமில்லாமல் உள்ளே வருகிறான். தண்ணீர் கேட்கிறான். அவள் பால் கொடுக்கிறாள். போர்வையால் மூடிவிடுகிறாள். யாராவது வந்து கேட்டால் இங்கே ஒருவரும் இல்லை என்று சொல் என்று கேட்டுக்கொண்டு அவன் தூங்கிப்போகிறான். அவள் கூடாரம் அடிக்கிற முளையை ஒரு கையிலும் சுத்தியலை மறு கையிலும் எடுத்துக்கொண்டு மெதுவாக அவனிடம் போய், நெற்றிப்பொட்டில் வைத்து அடிக்கிறாள். முளை தலையைத் துளைத்து அந்தப் பக்கம் தரையில் இறங்குகிறது.

அதற்குத்தான் அந்த ஆசீர்வாதம்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும் அளவுக்குச் சந்தோஷம். அம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு, "அப்பாகிட்ட சொல்லாத" என்றாள்.

நான் சொல்லவில்லை. பாஸ்டர்தான் சொன்னார். ஒரு வருடம் கழித்து, பலவீனமான பாத்திரத்தையும் கர்த்தர் பயன்படுத்துவார் என்ற தலைப்பில் பிரசங்கம் பண்ணும்போது இந்தக் கதையை எடுத்துக்கொண்டார். வாளெடுக்கத் தெரியாத ஒரு பெண்ணின் கையில், வீட்டு வேலைக்கு வைத்திருந்த சாமானைக் கொண்டே கர்த்தர் நியாயம் செய்தார் என்றார். அந்தச் சேனாபதிதான் சாத்தான், கூடாரம்தான் நம்முடைய இருதயம், முளைதான் வசனம் என்று வரிசையாகப் பிரித்துக் கொடுத்தார். எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். கடைசி நாற்காலியில் தலைவலியோடு உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு அந்த இருதயம், வசனம் எதுவும் ஏறவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முதலில் முகத்தை, அப்புறம் கைகளை.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது அப்பா மோட்டார் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு படுத்தார்.

சிரிக்காதீர்கள். நாங்கள் சிரிக்கவில்லை. கைலியும் பனியனும் ஹெல்மெட்டுமாக ஓர் ஆள் நடு வீட்டில் மல்லாந்து குறட்டை விடுவதைப் பார்த்துக்கொண்டு நானும் அம்மாவும் பழம் பொறுக்கிய சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு வீட்டில் சுத்தியல் இல்லாமல் போயிற்று. கதவுக் கீல் கழன்றால் கல்லால் தட்டினோம். நான் பால் கலக்கிக் கொடுத்தால் குடிக்க மாட்டார். முனியாண்டியைக் கும்பிட்ட நாளிலேயே அவருக்கு அந்தப் பயம் உண்டு: பேர் வைத்தால் பேருக்கு உரியது வந்து இறங்கும் என்ற பயம். ஞானஸ்நானத் தொட்டியில் முழுகியதில் மற்றதெல்லாம் போயிருக்கலாம், அது மட்டும் போகவில்லை.

அம்மா இதைக் கவனித்துவிட்டாள். ஒருநாள் அவர் பெல்ட்டை உருவியபோது, அவள் அடியைத் தடுக்கக் கையைத் தூக்காமல், வாசலைப் பார்த்து என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"யாகேலு!"

நான் உள்ளே வந்து சும்மா நின்றேன். அப்பா பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டார். பிறகு வெளியே போய் நாயை அடித்தார். பாவம் அந்த நாய்.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. எல்லா அடியும் நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. நான் பள்ளிக்கூடம் போன நேரத்தில் அம்மா வாங்கினாள். ஆனால் நான் வீட்டில் இருந்தால் என் பெயர் போதும். மற்ற பிள்ளைகளைச் சாப்பிடவும் குளிக்கவும் கூப்பிடுவார்கள். என் அம்மா என்னை உயிர் பிழைக்கக் கூப்பிட்டாள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டரைப் பிடித்துக்கொண்டார்.

"இவ பேர மாத்துங்க பாஸ்டர். பூ பேரு, நட்சத்திரம் பேரு, எதுவானாலும் சரி. இந்தப் பேரு வேணாம்."

பாஸ்டரும் ஒப்புக்கொண்டார். கர்த்தரே பல பேருக்குப் பெயரை மாற்றியிருக்கிறார், தப்பில்லை பிரதர் என்றார். அப்போது என் அம்மா, சபையில் வாயே திறக்காத என் அம்மா, எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றாள்.

"அது கர்த்தர் எங் கையில குடுத்த பேரு. மாத்த மாட்டேன்."

பாஸ்டர் பெண்களை ஒரு தடவை பார்த்தார், அப்பாவை ஒரு தடவை பார்த்தார், மோட்டாரை உதைத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினார். உள்ளே கேட்ட சத்தத்தை நான் எழுத மாட்டேன். கதவை உதைத்து உதைத்து என் கால் விரல் நகம் ஒன்று பெயர்ந்தது. தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற மண்டோர் வந்து, புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றையிலிருந்து அம்மாவுக்கு இடது காது கேட்கவில்லை. என் பெயரை மாற்றாமல் வைத்துக்கொண்டதற்கு அவள் கொடுத்தது அந்தக் காது. இனி என்ன நடந்தாலும் இவளை அடித்துச் சாகவிடக் கூடாது என்று அன்று தீர்மானித்தேன். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எனக்குப் பதினேழு வயது. பரீட்சை முடிந்து வீட்டில் இருந்தேன். மூன்று நாள் விடாமல் மழை, வேலையில்லை. அப்பா காலையிலிருந்தே குடித்திருந்தார். குளியலறையில் அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சோற்றில் கல் இருந்தது என்று ஆரம்பித்த சண்டை. நான் பின்கட்டில் விறகை நனையாத பக்கமாக நகர்த்திக்கொண்டிருந்தேன். என் பெயரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அது பாதியில் நின்றது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். சிமெண்டுத் தொட்டியில் அம்மாவின் தலை தண்ணீருக்குள் இருந்தது. அப்பா அவள் கொண்டையைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தார். அவள் கால்கள் சோப்பு நுரையில் வழுக்கி வழுக்கித் தரையை உதைத்தன.

"வுடுங்கப்பா!"

"கூப்புட்றா பாரு உன்ன. இப்ப கூப்புட சொல்லு, பாப்போம்."

பின்கதவுக்குப் பக்கத்தில் குலையைக் குத்தி லாரியில் ஏற்றுகிற இரும்புக்கம்பி சாத்தியிருந்தது. நுனி ஈட்டிபோல இருக்கும். இருபது கிலோ குலையில் ஒரே குத்தில் இறங்கும். அதை எடுத்தேன். அப்பாவின் தலை எனக்குப் பக்கவாட்டில் இருந்தது. அன்றைக்குத் தலையில் ஒன்றுமில்லை. நெற்றிப்பொட்டு புடைத்துக்கொண்டு தெரிந்தது.

தோளில் குத்த வேண்டும் என்று நினைத்துக் குத்தினேன் என்று பிற்பாடு ஒன்றிரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். தலையைத்தான் பார்த்தேன், தலைக்குத்தான் ஓங்கினேன். தரையில் இருந்த சோப்பு நுரையில் என் கால் சறுக்கியது. கம்பி வலது தோளின் பின்பக்கமாக நுழைந்து அக்குளுக்கு முன்னால் வெளியே வந்தது. எலும்பில் உரசியது என் உள்ளங்கை வரைக்கும் தெரிந்தது. அவர் கத்தவில்லை. கொண்டையை விட்டுவிட்டு இடது கையால் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். தொட்டித் தண்ணீர் சிவந்தது.

அம்மா தலையைத் தூக்கினாள். இருமினாள், வாந்தியெடுத்தாள், கண்ணைத் துடைத்துப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. "ஐயோ, எங்க வீட்டுக்காரரே!" என்று அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். துவைத்து வைத்திருந்த துணியையெல்லாம் அள்ளிக் காயத்தில் திணித்தாள். என் பள்ளிச் சட்டையும் அதில் இருந்தது.

தோட்டத்தில் மருந்து கட்டுகிற டிரெஸ்ஸர் கம்பியைப் பிடுங்காமல் லாரியில் ஏற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மழையில் குலையைத் தூக்கும்போது வழுக்கிக் கம்பியின் மேலேயே விழுந்துவிட்டார் என்று அம்மா டாக்டரிடம் சொன்னாள். மூன்று நாளாக வேலையே நடக்கவில்லை என்று யாரும் விசாரிக்கவில்லை. மயக்கம் தெளிந்ததும் அப்பாவும் அதையேதான் சொன்னார். ஒரு பொட்டைப்பிள்ளை குத்திவிட்டது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அம்மா என்னைத் தனியாக இழுத்துப்போய் அறைந்தாள். அதற்கு முன் என்னை ஒருநாளும் கைநீட்டி அடித்தவள் இல்லை.

"ஒன்ன யாருடி குத்தச் சொன்னா?"

"நீதானம்மா கூப்ட்ட!"

"கூப்ட்டா வந்து நிக்கணும். எப்பவும் போல நிக்கணும். இன்னுங் கொஞ்சம் பொறுத்திருந்தா அவரே வுட்டுருப்பாரு."

"செத்துருப்பம்மா நீ."

"செத்தா செத்துட்டுப் போறேன். புருஷனக் குத்துன புள்ளயப் பெத்தவன்னு இருக்கறதுக்கு அது மேலு."

நான் அழுதேன். அவள் முந்தானையால் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவருக்குக் கஞ்சி வாங்கப் போனாள்.

காயம் ஆறியது, கை வரவில்லை. நரம்பு அறுந்துபோயிற்று என்றார்கள். வலது கை இடுப்புக்கு மேல் எழும்பவில்லை. குலை வெட்டுகிற கம்பைப் பிடிக்க முடியாதவருக்குத் தோட்டத்தில் என்ன வேலை? கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் பார்க்கிற வேலை கொடுத்தார்கள். அம்மா அவருக்குச் சட்டை போட்டுவிட்டாள், சோறு ஊட்டினாள், முகம் மழித்துவிட்டாள். இடது கையால் அடிக்க அவர் கற்றுக்கொள்ளவில்லை. அல்லது என்னை நினைத்து விட்டுவிட்டாரோ என்னவோ.

நான் செனாவாங்குக்கு வேலைக்கு வந்துவிட்டேன். மாதம் ஒரு முறை வீட்டுக்குப் போவேன். சாப்பாடு போடுவாள், துணி எடுத்து வைப்பாள். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். "இந்தா", "ஏய்", "வந்தியா". அவ்வளவுதான். போனில்கூட, "ம், சொல்லு" என்பாள். ஒரு காதைக் கொடுத்து வைத்துக்கொண்ட பெயரை அவளே நாக்கிலிருந்து துடைத்துப் போட்டுவிட்டாள். எனக்கு அடியைவிட இது வலித்தது.

சில வருடங்களுக்கு முன் பெடாஸில் நடந்த பெண்கள் கூட்டத்துக்கு ஒரு பெண் பிரசங்கி வந்திருந்தார். எபிரேயம் படித்தவர். என் பெயருக்கு மலையாடு என்று அர்த்தம் சொன்னது அவர்தான். அந்தப் பெயரைச் சபைகள் காலங்காலமாக எப்படியெல்லாம் எடுத்துக்கொண்டன என்றும் சொன்னார். சிலருக்கு அவள் கர்த்தருடைய கைக்கருவி. சிலருக்கு அவள் சாத்தானை மிதிக்கிற சபைக்கு அடையாளம். இன்னும் சிலருக்கு, நம்பி வந்த விருந்தாளியைக் கொன்ற பாதகி. அந்த ஆசீர்வாத வசனம் வருகிற பழைய பாட்டு அவளை வாழ்த்திவிட்டு அதோடு நிற்கவில்லை, செத்தவனுடைய தாயிடம் போகிறது, மகனுடைய தேர் வர ஏன் இவ்வளவு தாமதம் என்று அவள் ஜன்னலில் நின்று கேட்கிறாள் என்றார்.

நான் கேட்டேன், "அவ வீட்டுக்காரர் திரும்பி வந்து பாத்தப்ப என்னாங்க சொன்னாரு? அப்பறம் அவ எப்படி இருந்தா?"

"எழுதலம்மா" என்றார். "அதோட அவ பேரு முடிஞ்சிருது."

எனக்குக் கோபம்தான் வந்தது. குத்துகிற வரைக்கும் எழுதுகிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள். மறுநாள் காலையில் அந்தக் கூடாரத்தின் இரத்தத்தைக் கழுவியது யார், அவளோடு யார் சாப்பிட்டார்கள், ஒன்றும் கிடையாது. ஆசீர்வதிக்கப்பட்டவளாம்! அந்த ஆசீர்வாதத்தோடு தினமும் எழுந்து பல் துலக்குகிறவளுக்குத்தான் அதன் எடை தெரியும்.

போன வருடம் அம்மா போய்விட்டாள். இருதயம் நின்றுவிட்டது, பகலில், கையில் அவருக்குப் பிசைந்த சோற்றோடு. நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா கூடத்தில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல அழுதுகொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்த்து இரக்கமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. சபையிலிருந்து வந்த ஓர் அக்காவும் நானும் அறையைச் சாத்திக்கொண்டு அம்மாவைக் குளிப்பாட்டினோம். முதுகில் முள் எடுத்த புள்ளிகள், தோளில் பெல்ட் கொக்கி பட்ட இடம், புருவத்தில் தையல் போட்ட கோடு. எல்லாவற்றையும் எனக்குத் தெரியும். துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டே ஒவ்வோர் இடமாகப் பார்த்தேன். கையைத் தூக்கிப் பார்த்தேன். முடியை விலக்கி மண்டையைப் பார்த்தேன்.

"என்னாம்மா தேடுற?" என்றார் அந்த அக்கா.

"புதுசா அடிபட்ட தழும்பு எதாச்சும் இருக்கான்னு பாக்குறேன்கா."

"இருக்கா?"

"இல்லக்கா" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவின் ஈரத் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன்.